மாற்றுமுன் காத்தல்: விளையாட்டுக் கருவியின் நினைவகத்தைப் படியெடுக்கும் முறை

கருவி ஒன்றைக் கண்டால் அதன் உள்ளே இருப்பது யாது எனத் திறந்து பார்க்க விரும்பாத மாணவர் அரியர். மிதிவண்டியின் சங்கிலியையும், சுவர்க் கடிகாரத்தின் வில்லையும், பழைய வானொலிப் பெட்டியின் வால்வுகளையும் கழற்றிப் பூட்டியே பலர் பொறியியலின் முதற் பாடத்தைக் கற்றனர். அவ்வாறு கழற்றிய உறுப்புகள் யாவும் மேசைமீது கண்முன்னே கிடக்கும். கழற்றிய ஒழுங்கு நினைவில் இருப்பின், அதனைத் தலைகீழாகப் பின்பற்றி மீண்டும் பூட்டிவிடலாம்.

இக்காலத்து இலத்திரனியற் கருவிகள் இவ்வகையின அல்ல. அவற்றின் உயிர்நிலை ஆணிகளிலும் சக்கரங்களிலும் இல்லை. நகத்தளவான சிலிக்கன் சில்லொன்றிற் பதிந்துள்ள தரவுகளில் உள்ளது. அத்தரவுகள் ஒருமுறை அழிந்தால் மேசைமீது தேடிப் பெறுதற்கு யாதும் எஞ்சாது. ஆதலின், அத்தகைய கருவியொன்றின் மென்பொருளை மாற்ற முயல்வோர் முதற்கண் அதன் நினைவகம் முழுவதையும் படியெடுத்து வைத்தல் வேண்டும் என்பது இத்துறையினர் யாவரும் உடன்படும் விதியாகும்.

எனினும், விதியை அறிந்தோருள்ளும் பலர் அதன் பொருளை முற்ற உணர்ந்திலர். படியெடுத்த அளவிலேயே கருவி காக்கப்பட்டதென அவர் எண்ணுவர். படி வேறு, காப்பு வேறு. எடுத்த படி மூலத்தோடு ஒத்ததாய் இருத்தல் வேண்டும். அது கருவிக்கு வேறான ஓரிடத்திற் பேணப்படுதல் வேண்டும். கருவி இயங்காத நாளில் அப்படியை மீண்டும் உள்ளே செலுத்துதற்கு ஒரு வாயில் திறந்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் அமைந்தவழியே படி காப்பாகும். இதனை ஒரு கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

எடுத்துக்கொண்ட கருவி

ஜப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ‘வீ’ என்னும் விளையாட்டுக் கொன்சோலை வெளியிட்டது. கையிற் பிடித்த கட்டுப்படுத்தியை வீசியும் அசைத்தும் ஆடும் புதுமையினால் அது பெரும் புகழ் பெற்றது. உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. நம் மாணவர் பலரின் வீடுகளிலுள்ள கருவிகள் இதனினும் புதியனவாய் இருத்தல் கூடும். ஆயினும், பாடத்துக்கு ஏற்றது இதுவே. காரணங்கள் இரண்டு.

முதலாவது, இக்கருவியின் உள்ளமைப்பு ஆர்வலர்களால் நுணுகி ஆராயப்பட்டு வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது, செய்தோர் இதனைக் கைவிட்டு ஆண்டுகள் பல கழிந்தன. 2013ஆம் ஆண்டில் ஜப்பானுக்கான உற்பத்தி நின்றது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் இணையவழி விளையாட்டுச் சேவை முடிவுற்றது. 2019ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் இதற்கான இணையக் கடையும் மூடப்பட்டது. 2020ஆம் ஆண்டில், உதிரிப் பாகங்கள் தட்டுப்பட்டமையால், ஜப்பானிலே திருத்தும் சேவையும் நிறுத்தப்பட்டது. எனவே, இன்று இக்கருவி கெடுமாயின் உரிமையாளருக்குத் துணையாவது அவர் முன்னரே எடுத்து வைத்த படி ஒன்றே. பல்லாண்டுகளாகச் சேர்த்த விளையாட்டுப் பதிவுகளும், விலை கொடுத்து இறக்கிய விளையாட்டுகளும், பிள்ளைகள் தம் சாயலிற் படைத்து வைத்த சிற்றுருவங்களும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன.

இக்கருவியை மாற்றுவோர் எதற்காக மாற்றுகின்றனர் என்ற வினா எழலாம். தாம் எழுதிய நிரல்களை அதில் இயக்கிப் பார்த்தல், விளையாட்டுப் பதிவுகளை வெளியே எடுத்துப் பேணுதல், தேய்ந்த வட்டு இயக்கிக்கு மாற்று வழி காணுதல் என நேரிய நோக்கங்கள் பல உள. இதற்கு வழி திறந்தோர் ‘ரீம் ருவீசர்ஸ்’ என்னும் பெயருடைய ஆய்வுக் குழுவினர். நினைவகத்தின் முகவரிக் கம்பிகளைச் சிறு இடுக்கியொன்றினால் இணைத்து, மறைந்திருந்த திறவுகோல்களை அவர் படித்தறிந்தனர். இடுக்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அக்குழுவின் பெயரிலும் நின்றது. பின்னர், 2009ஆம் ஆண்டில், நினைவகத்தைப் படியெடுக்கவும் மீட்கவும் வல்ல ‘பூட்மீ’ என்னும் மென்பொருளை அவர்கள் வெளியிட்டனர்.

பிளாஷ் நினைவகத்தின் இயல்பு

படியெடுக்கும் பொருளின் இயல்பை அறியாது படியெடுத்தல் பொருந்தாது. இக்கருவியில் உள்ளது ‘நான்ட்’ வகைப் பிளாஷ் நினைவகம். இதன் அடிப்படையான மிதக்கும் வாயில் என்னும் அமைப்பை 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டாவன் காங், சைமன் சீ ஆகிய இருவரும் எடுத்துரைத்தனர். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோகா பிளாஷ் நினைவகத்தை உருவாக்கி 1984ஆம் ஆண்டிலும், அதன் நான்ட் வகையை 1987ஆம் ஆண்டிலும் விஞ்ஞானிகள் மாநாட்டில் அறிவித்தார். பெருந்தொகையான தரவு ஒரே கணத்தில் அழிவது நிழற்படக் கருவியின் ஒளிவீச்சைப் போன்றிருந்தமையால், அவருடைய சக ஆய்வாளர் ஒருவர் இதற்கு ‘பிளாஷ்’ எனப் பெயர் முன்மொழிந்தார்.

இதன் செயல் எளிதில் விளங்கத்தக்கது. நாற்புறமும் காவலிப் படலத்தாற் சூழப்பட்ட நுண்ணிய தீவொன்றை மனத்திற் கொள்க. மின்னழுத்தம் கொடுக்கும்பொழுது இலத்திரன்கள் அப்படலத்தை ஊடுருவித் தீவினுள் அடைபடும். மின்னைத் துண்டித்த பின்னரும் அவை வெளியேறா. இலத்திரன்கள் உண்டெனின் ஒரு குறி. இல்லையெனின் மற்றொரு குறி. இவ்வாறே எழுத்து நிலைபெறுகின்றது.

இவ்வமைப்பின் மூன்று பண்புகள் நமக்கு வேண்டியன. ஒன்று: எழுதுவது பக்கம் பக்கமாக நிகழும்; அழிப்பதோ பல பக்கங்கள் கொண்ட தொகுதி முழுவதையும் ஒருங்கே அழிக்கும். ஒரு சொல்லைத் திருத்துதற்கு ஏட்டின் ஓர் அதிகாரத்தையே அழித்து எழுதுவதை இது ஒக்கும். அழித்தலுக்கும் எழுதுதலுக்கும் இடையில் மின்சாரம் நின்றுவிட்டால் அவ்வதிகாரம் முற்றாக இழக்கப்படும். இரண்டு: ஒவ்வொரு அழிப்பும் காவலிப் படலத்தைச் சிறிது தேய்க்கும், இவ்வகைச் சில்லுகள் இலட்சம் முறை என்னும் அளவில் அழித்தெழுதத் தக்கனவாகக் கொள்ளப்படும். மூன்று: தொழிற்சாலையிலிருந்து வரும்பொழுதே சில தொகுதிகள் பழுதுற்றிருக்கும். 4096 தொகுதிகளை உடைய இவ்வகைச் சில்லொன்றில் 80 தொகுதிகள் வரை பழுதாய் இருத்தலைச் செய்வோரே அனுமதிப்பர். ஆனால், முதற் தொகுதி மட்டும் பழுதற்றதாய் இருக்குமென அவர் உறுதி கூறுவர். அவ்வுறுதியின் பயனை இனிக் காண்க.

கருவி விழித்தெழும் ஒழுங்கு

மின்னை இட்டவுடன் கருவி திடீரென இயங்குவதில்லை. படிமுறையாக விழித்தெழுகின்றது. ‘பூட் 0’ என்னும் மிகச் சிறிய நிரல் சில்லின் உள்ளேயே மாற்ற இயலாதவாறு பொறிக்கப்பட்டுள்ளது. அது நான்ட் நினைவகத்தின் முதற் தொகுதியில் உள்ள ‘பூட் 1’ என்பதைப் படிக்கும். படித்ததன் இலக்கச் சுருக்கத்தைக் கணித்து, ஒரு முறை மட்டும் எழுதத்தக்க வேறொரு சிறு நினைவகத்திற் பதிந்துள்ள சுருக்கத்தோடு ஒப்பிடும். இரண்டும் ஒத்தால் மட்டுமே அதனை இயக்கும். பூட் 1 அடுத்த தொகுதிகளில் உள்ள ‘பூட் 2’ என்பதன் கையொப்பத்தைச் சோதித்து இயக்கும். பூட் 2 கருவியின் பிரதான பட்டியைக் கொணரும். பயனர் திரையிற் காண்பது இறுதியாக வரும் இப்பட்டியையே.

இவ்வொழுங்கில் நிலை தாழத் தாழக் கேடு பெரிதாகும். பிரதான பட்டி கெட்டால் பூட் 2 நிலையில் நின்று அதனைச் சீர்செய்தல் கூடும். பூட் 2 கெட்டால் நிலைமை கடினம். அது கருதியே செய்தோர் பூட் 2இன் இரு படிகளை நினைவகத்தில் வைத்தனர். கோப்புகளின் அட்டவணையையும் ஒரே இடத்தில் எழுதாது, 16 இடங்களில் முறை மாற்றி எழுதுமாறு வகுத்தனர். கருவியை ஆக்கியோரே ஒரு படியை நம்பியிருக்கவில்லை என்பது கருதத்தக்கது. பூட் 1 கெட்டாலோ, மென்பொருளால் மீட்சி இல்லை. சில்லை வெளியிலிருந்து எழுதும் கருவியே வேண்டும். உறுதியளிக்கப்பட்ட முதற் தொகுதியில் அதனை வைத்தமைக்குக் காரணம் இதுவே. இவ்வாறு முற்றாக இயங்காமற்போன கருவியை ‘செங்கல்லாயிற்று’ என்று இத்துறையினர் கூறுவர். மின் இட்டாலும் அது செங்கல்லைப் போலவே கிடக்கும்.

பிறர் படி உதவாமை

‘என் கருவி கெட்டால் நண்பனின் கருவியிலிருந்து படியெடுத்து இட்டுக்கொள்வேன்’ என்று கருதுவோர் உளர். அக்கருத்துத் தவறானது. நினைவகத்திலுள்ள கோப்புகள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை. அதற்குரிய திறவுகோல் கருவிக்குக் கருவி வேறுபடும். மேலே கூறிய, ஒரு முறை மட்டும் எழுதத்தக்க 128 பைற்று அளவினதான சிறு நினைவகத்தில் அத்திறவுகோல் அடங்கியுள்ளது. கோப்புகளை எவரேனும் மாற்றினரா எனச் சோதிக்கும் திறவுகோலும் அங்கேயே உள்ளது. ஆதலின், ஒரு கருவியின் படி மற்றொரு கருவிக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலே. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரு கருவிகளாயினும் இவ்விதி மாறாது. தன் கருவியின் படியைத் தானே, கருவி நலமாயிருக்கும் நாளிலேயே, எடுத்து வைத்தல் வேண்டும்.

படியெடுக்கும் முறை

இனிச் செயல்முறையைக் கூறுவாம். படியெடுக்கும் மென்பொருளை நிறுவுதலும் நினைவகத்தில் நிகழும் ஒரு மாற்றமே என்பது இங்கு எழும் முதற் சிக்கல். அதனை முற்றிலும் தவிர்த்தல் இயலாது, சுருக்குதல் இயலும். படியெடுத்தற்கு வேண்டிய மிகச் சிறிய மாற்றத்தை மட்டும் முதலிற் செய்க. உடனே படியெடுக்க. ஏனைய மாற்றங்கள் யாவும் அதன் பின்னரே நிகழ்தல் வேண்டும்.

முதலாவதாக, 600 மெகாபைற்றுக்குக் குறையாத வெற்றிடமுள்ள எஸ்டி அட்டை ஒன்றை ஆயத்தம் செய்க. அட்டை நம்பத்தக்கதாய் இருத்தல் வேண்டும். மேலுறையில் எழுதிய கொள்ளளவு உள்ளே இல்லாத போலி அட்டைகள் சந்தையில் உண்டு. அவை எழுதும்பொழுது யாவும் நன்று என்றே காட்டும். படிக்கும்பொழுதுதான் வஞ்சகம் வெளிப்படும். எனவே, கணினியில் பெரிய கோப்பொன்றை அட்டையில் எழுதி, மீண்டும் படித்து ஒப்பிட்ட பின்னரே அதனைப் பயன்படுத்துக.

இரண்டாவதாக, பூட்மீயைத் தொடங்கிப் படியெடுக்குமாறு பணிக்க. அது தொகுதி தொகுதியாக நினைவகத்தைப் படித்து அட்டையில் எழுதும். திரையிலே சிறு சதுரங்களாக அதன் முன்னேற்றத்தைக் காட்டும். பழுதுற்ற தொகுதிகள் சில தென்படின் அஞ்சற்க. அவை பிறவிப் பழுதுகள். கருவி அவற்றை அறிந்து விலக்கியே இயங்குகின்றது.

மூன்றாவதாக, எழுதி முடிந்தபின் நிகழும் சரிபார்த்தலைத் தவிர்க்கற்க. பொறுமையற்றோர் இதனைக் கடந்துசெல்ல விசை உண்டு. அவ்விசையைத் தொடாதிருத்தலே அறிவுடைமை. சரிபார்க்கையில் மாறுபாடு தோன்றினால் வேறு அட்டையில் மீண்டும் படியெடுக்க.

நினைவகத்தைப் படித்தலில் இடர் சிறிது. எழுதுதலில் இடர் பெரிது. படிக்கும்பொழுது மின்சாரம் நின்றால் இழப்பது நேரம் மட்டுமே. எழுதும்பொழுது நின்றால் இழப்பது கருவியாகலாம். ஆதலின், பின்னர்ச் செய்யும் மாற்றங்களையும் மீட்சியையும் மின்தடை நேரக்கூடிய வேளைகளிற் செய்தலாகாது.

படியைச் சோதித்தல்

ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதியோர் எழுதி முடித்தவுடன் அதனைக் கட்டி வைத்ததில்லை. ஒருவர் மூல ஏட்டைப் படிக்க, மற்றவர் புதிய ஏட்டை ஒப்பு நோக்கியபின்னரே அதனைப் படியென ஏற்றனர். அதுபோலவே இங்கும் சோதனை வேண்டும். சோதனைகள் மூன்று கூறுவாம்.

முதற் சோதனை அளவு பற்றியது. மாணவர் தாமே கணித்தறியத்தக்கது. நினைவகத்தின் ஒரு பக்கத்தில் 2048 பைற்றுத் தரவும், பிழை திருத்தும் குறியீடு முதலியவற்றுக்காக 64 பைற்றும் உள. ஆக, ஒரு பக்கம் 2112 பைற்று. 64 பக்கங்கள் கொண்டது ஒரு தொகுதி. அது 1,35,168 பைற்று. அத்தகைய தொகுதிகள் 4096. பெருக்கின் 55,36,48,128 பைற்று வரும். படியின் இறுதியில் பூட்மீ கருவியின் திறவுகோல்களை 1024 பைற்று அளவிற் சேர்க்கும். முழுத்தொகை 55,36,49,152. படிக் கோப்பின் அளவு இத்தொகையினின்றும் ஒரு பைற்றுக் குறைந்தாலும் படி முழுமையற்றது. 512 மெகாபைற்று என விளம்பரத்தில் எழுதிய நினைவகத்தின் படி அதனினும் பெரிதாய் இருத்தலுக்குக் காரணமும் இக்கணக்கினால் விளங்கும்.

இரண்டாவது சோதனை இலக்கச் சுருக்கம் பற்றியது. கோப்பொன்றின் பைற்றுகள் அனைத்தையும் ஒரு கணித விதிக்கு உட்படுத்திப் பெறும் சிறு எண்ணே இலக்கச் சுருக்கம். ஒரு பிற்று மாறினும் சுருக்கம் முற்றாக மாறும். அட்டையிலுள்ள படிக்கும் கணினிக்குப் பெயர்த்த படிக்கும் சுருக்கம் ஒன்றாயின், பெயர்த்தலிற் பிழை நேரவில்லை எனத் துணியலாம். ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தக்கது. இன்று ஒரு படியும் அடுத்த வாரம் ஒரு படியும் எடுத்து ஒப்பிட்டு, அவை வேறுபடுதல் கண்டு கலங்குவோர் உளர். இடையில் கருவி இயங்கியிருப்பின் அது தன் பதிவுகளை எழுதியிருக்கும். படிகள் வேறுபடுதல் இயல்பே. இடையில் பிரதான பட்டிக்குச் செல்லாது அடுத்தடுத்து எடுத்த இரு படிகளையே ஒப்பிடல் வேண்டும்.

மூன்றாவது சோதனை பொருள் பற்றியது, இதுவே சிறந்தது. ‘டொல்பின்’ என்னும் மென்பொருள் இக்கருவியின் செயலைக் கணினியிற் போலச் செய்து காட்டுவது. பூட்மீ எடுத்த படியை உள்வாங்கும் வசதி அதில் உண்டு. படியோடு சேர்ந்துள்ள திறவுகோல்களால் கோப்புகளை மறைநீக்கி அது வெளிப்படுத்தும். அங்கே உம் விளையாட்டுப் பதிவுகள் தோன்றுமாயின், படி எழுத்துக் குவியலன்று, பொருளுடையது என்பது உறுதி. கருவிக்குச் சிறிதும் இடர் நேராது படியை ஆராய்வதற்கு இதனினும் தக்க வழி இல்லை. படி நன்றோ எனப் பார்ப்பதற்காகவே அதனைக் கருவியில் மீள எழுதிப் பார்த்தல் பேதைமை. காரணமின்றிச் செய்யும் எழுதுதல் ஒவ்வொன்றும் காரணமின்றி ஏற்கும் இடராகும்.

சோதித்த படியை இரண்டு இடங்களில் வைக்க. அவற்றுள் ஒன்று வீட்டுக் கணினிக்கு வேறான வட்டில் இருப்பின் நன்று. கருவியின் தொடர் இலக்கத்தையும் படியெடுத்த நாளையும் கோப்பின் பெயரோடு எழுதுக. பெயரும் நாளும் அற்ற படி, சில ஆண்டுகளின் பின் யாருடையதென்று அறியப்படாத திறவுகோலைப் போன்றதாகிவிடும்.

மீட்சி வாயில்

இக்கட்டுரையின் முதன்மையான கருத்துக்கு இப்பொழுது வருவாம். செவ்விய படி ஒன்று கையில் உண்டு. கருவியோ ஒரு தவறான மாற்றத்தால் பிரதான பட்டிக்கு வாராது நிற்கின்றது. படியை எவ்வாறு உள்ளே செலுத்துவது? மீட்கும் மென்பொருள் பூட்மீ. அது எங்கே நிறுவப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்ததே விடை.

பூட்மீயை இரு நிலைகளில் நிறுவலாம். பழைய கருவிகளின் பூட் 1இல் ஒரு குறைபாடு இருந்தது. கையொப்பத்தை ஒப்பிடும் அதன் நிரல், பூச்சியப் பைற்று ஒன்றைக் கண்டவிடத்தே எழுத்துத் தொடர் முடிந்ததென எண்ணி ஒப்பீட்டை நிறுத்திவிடும். அதனால் பொய்க் கையொப்பமும் மெய்யாக ஏற்கப்பட்டது. அக்கருவிகளில் பூட்மீயைப் பூட் 2 நிலையிலேயே நிறுவலாம். பிரதான பட்டி முற்றாக அழிந்தாலும், மின் இட்டவுடன் பூட்மீ எழும், படியை மீட்கலாம். பூட் 1இன் சுருக்கம் மாற்ற இயலாதவாறு பதிந்திருந்தமையால், விற்பனையான கருவிகளில் இக்குறையை நிறுவனத்தினர் நீக்க இயலவில்லை. பின்னர்ச் செய்த கருவிகளிலேயே அது நீக்கப்பட்டது.

அப்பிந்திய கருவிகளில் பூட்மீயை மேல் நிலையில் மட்டுமே நிறுவலாம். அங்கே அதனை அடைதற்குப் பிரதான பட்டி இயங்குதல் வேண்டும். படியெடுத்தற்கு இது போதும். மீட்சிக்கோ போதாது, பிரதான பட்டி கெட்ட நாளில் பூட்மீயை அடைய வழி இல்லை. செவ்விய படி கையிலிருந்தும் கருவி செங்கல்லாகவே கிடக்கும். இதற்கு மாற்றாக, பிரதான பட்டிக்கு முன்னே எழும் ‘பிரீலோடர்’ என்னும் சிறு மென்பொருளை நிறுவி வைப்பர். மின் இடும்பொழுது மீளமைக்கும் விசையை அழுத்திப் பிடித்தால் அது தோன்றும். அதன்வழியே பூட்மீயை அடையலாம். பல கேடுகளுக்கு இவ்வழி உதவும். எல்லாக் கேடுகளுக்கும் உதவாது. பிரீலோடர் இருக்கும் பகுதியே அழிந்தால் இவ்வாயிலும் அடைபடும்.

இதிலிருந்து பெறும் விதி யாதெனின்: மாற்றம் செய்யுமுன் படி இருக்கின்றதா என மட்டும் வினவற்க, கருவி எழாத நாளில் அப்படியை எவ்வழியே செலுத்துவேன் எனவும் வினவுக. வாயிலைச் சோதித்தற்குப் படியை எழுதிப் பார்க்கவேண்டியதில்லை. கருவியை முற்றாக அணைத்து, மீண்டும் இட்டு, பிரதான பட்டிக்குச் செல்லாமலே மீட்கும் மென்பொருளை அடைய இயலுகின்றதா எனப் பார்த்தலே போதும். அடைய இயலாதாயின், பிரதான பட்டியையும் அதற்குக் கீழான நிலைகளையும் தொடும் மாற்றங்களை மேற்கொள்ளாதிருத்தல் வேண்டும்.

மாற்றம் செய்யாதோருக்கும் இடர் உண்டு என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 2009ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வெளியான 4.2 என்னும் இலக்கமுடைய அதிகாரபூர்வமான புதுப்பிப்பு, கருவிகளின் பூட் 2 பகுதியை மீள எழுதியது. மாற்றம் எதுவும் செய்யாத கருவிகளுள்ளும் சில அப்போது இயங்காமற் போயின என அக்காலச் செய்திகள் தெரிவித்தன. கீழ் நிலையைத் தொடும் எழுதுதல், எழுதுவோர் எவராயினும், இடருடையதே.

ஏனைய கருவிகள்

இவ்விதி ஏனைய கருவிகளுக்கும் பொருந்தும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் 360 கருவியின் பெரும்பாலான மாதிரிகளில் நான்ட் நினைவகம் 16 மெகாபைற்று மட்டுமே. அதனைப் படிப்போர் கம்பிகளைச் சுற்றுப் பலகையில் ஈயம் வைத்துப் பற்றி, வெளியிலிருந்து படிப்பர். பற்றுதல் செவ்விதாய் இல்லையெனின் படியிற் பிழை நேரும். ஆகவே, குறைந்தது இருமுறை படித்து இரண்டும் ஒத்தபின்னரே மேற்செல்வது அவர்களின் வழக்கம். அந்நினைவகத்தில் அக்கருவியின் வட்டு இயக்கிக்குரிய தனித் திறவுகோலும் உண்டு. அதனை இழந்தால், கருவி எழுந்தாலும் தன் வட்டு இயக்கியை ஏற்றுக்கொள்ளாது. வட்டில் வரும் விளையாட்டுகள் இயங்கா. 2017ஆம் ஆண்டில் வெளியான நின்ரெண்டோ சுவிச் கருவியில் 32 கிகாபைற்று நினைவகத்தோடு, தொடக்க நிரல்களுக்கென இரு தனிப் பகுதிகளும் உள. பெரிய பகுதியைப் படியெடுத்துச் சிறிய இரண்டையும் விட்டவர் எடுத்தது முழுப் படியன்று.

உரிமையும் ஒழுக்கமும்

இறுதியாக, நெறி பற்றிச் சில கூறுதல் கடன். தன் பொருளைத் தான் காத்தற்கு எடுக்கும் படி வேறு. பிறர் உழைத்து ஆக்கிய விளையாட்டை விலை கொடாது பெறுதற்கு எடுக்கும் படி வேறு. முன்னையது பேணுதல், பின்னையது கவர்தல். கருவியை மாற்றுதல் பற்றிய சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். உத்தரவாதமும் அதனால் இழக்கப்படலாம். கருவி தம்பி தங்கையரோடு பொதுவாயின், அவர் இசைவின்றி அதில் கைவைத்தலும் முறையன்று. எடுத்த படியில் கருவியின் திறவுகோல்களும் வீட்டாரின் பதிவுகளும் அடங்கியிருத்தலின், அதனைப் பிறர்க்கு வழங்கலும் பொது இடத்தில் வைத்தலும் ஆகா.

மாணவர்க்கு ஒரு சொல்

மாணவர்காள், இப்பாடம் விளையாட்டுக் கருவியைப் பற்றியதாயினும் விளையாட்டுப் பாடமன்று. நாளை நீவிர் மருத்துவமனையின் பதிவேட்டையோ, வங்கியின் கணக்கையோ, ஒரு நூலகத்தின் அட்டவணையையோ தாங்கும் கணினியை மாற்ற நேரலாம். அங்கும் வினாக்கள் இவையே: படி மூலத்தோடு ஒத்ததா? அது வேறிடத்தில் உள்ளதா? யாவும் நின்றுவிட்ட நாளில் அதனை மீளச் செலுத்த வழி உண்டா? பிறர் பொருளில் கைவைக்கும் நாளில் இவ்வினாக்களை எழுப்பப் பழகுதற்கு, தம் பொருளாகிய சிறு கருவி ஒன்று நல்ல பயிற்சிக் களமாகும். கருவியைத் திறக்கும் ஆர்வம் நன்று. அதனை மூடி முன்போல் இயங்கச் செய்யும் வழியை அறிந்தபின் திறத்தல் அதனினும் நன்று.